சுவரோரம் போகும் படகு

அந்தத் துறைமுக நகரத்தில் யாரும் யாரிடமும் "உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்பதில்லை. நடக்கத் தெரியுமா என்று கேட்பதைப் போன்றது அது. கேட்டால் சிரிப்பார்கள். இந்த ஒரு கேள்வி கேட்கப்படாமல் போனதால்தான் சங்கு பல வருடங்கள் பந்தயப் படகில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் உட்கார்ந்தாள்.

சங்கு என்பது ஊர் வைத்த பெயர். ஆள் ஐந்தடியைத் தொடவில்லை; காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. குரல் மட்டும் ஆலைச் சங்கு. அவள் வேலை பார்த்த கித்தான் கடைக்கும் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் நாள் முழுதும் இரும்பின் மேல் இரும்பு விழும். இந்தப் பக்கம் ஒரு நூல்கண்டு வேண்டுமென்றாலும் தொண்டை கிழியக் கேட்க வேண்டும். சரக்கு மூடும் கித்தான், படகுக் கூரை, மேல்தளத்து நிழல்துணி எல்லாம் அங்கே தைத்தார்கள். உள்ளங்கையில் தோல்பட்டை கட்டிக்கொண்டு, தடித்த ஊசியை அதில் அழுத்தித் தள்ளித் தைப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் இறங்காது. அவள் ரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டில் பதில் சொல்வார்கள் என்று கொழுந்தன் கேலி செய்வான்.

அவள் பிறந்தது கடலிலிருந்து வெகு தொலைவில், குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காத ஊரில். திருமணமாகித்தான் துறைமுகத்துக்கு வந்தாள். கணவர் தொழிலாளர் படகுக் கழகத்தின் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவர். முதுகு பிடித்துக்கொள்ளும்வரை அவரும் துடுப்பு வலித்தவர்தான். கொழுந்தன் கழகத்தின் பந்தயப் படகில் முன்வரிசையில் உட்காருபவன். அந்த நகரத்தில் படகுக் கழகங்கள் நாலைந்து இருந்தன. தொழிலாளர் கழகம் தென்கரையில், சுங்க இலாகாக்காரர்களின் கழகம் எதிரே வடகரையில். மற்றவை இடையிடையே. யார் எந்தக் கழகம் என்பது பிறக்கும்போதே தீர்மானமாகிவிடும். அங்கே மதம் மாறியவர்கள் உண்டு. கழகம் மாறியவர்கள் இல்லை.

கோப்பைப் பந்தயம் வருடத்துக்கு ஒருமுறை. நான்கு பேர் துடுப்பு வலிக்க, ஐந்தாவது ஆள் பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிக்கும் கனமான மரப்படகுகள். பழுதுபார்க்கும் தளத்தின் வாசலில் கிளம்பி, துறைமுகத்தின் நீளத்தைக் கடந்து, சமிக்ஞைக் கோபுரத்தின் அடியில் முடியும். துறைமுகத்தில் வந்து கலக்கும் ஆற்றின் நீர் வழியெல்லாம் எதிரே வந்து மோதும். தென்கரையின் கல்சுவரை ஒட்டிப் போனால் அந்த மோதல் பாதியாகக் குறையும். ஆனால் அந்தச் சுவரில் கப்பல் கட்டும் இரும்பு வளையங்கள் துருத்திக்கொண்டிருந்தன. ஒரு துடுப்பு ஒரு வளையத்தில் பட்டால் கதை முடிந்தது. ஆகவே எல்லோரும் நடுநீரிலேயே போராடினார்கள்.

சங்கு படகில் ஏறியது ஒரு விபத்து. கணவரின் மறந்துபோன மேல்சட்டையைக் கொடுக்கக் கொட்டகைக்குப் போயிருந்தாள். அன்றைய பயிற்சிக்கு வராமல் சுக்கான் பிடிக்கும் கிழவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். துடுப்பு வலிப்பவர்களின் தலைவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், பாறையைப் போன்ற மனிதர், அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எவ்ளோ எடை இருப்பே தங்கச்சி?"

"தெரியல. ஏன் அண்ணே?"

"ஒரு மூட்டை சிமென்ட்டைவிடக் கம்மிதான். ஏறி உக்காரு. சும்மா கயித்தைப் பிடிச்சா போதும்."

கணவர் பெருமையோடு சிரித்தார். வேண்டாம் என்று சொல்ல அவள் வாய் திறப்பதற்குள் படகு கரையை விட்டுவிட்டது. அந்தக் கழகத்தின் வழக்கப்படி கொழுந்தன் சுக்கான் கயிறுகளை அவள் மணிக்கட்டுகளில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டிருந்தான். மற்றக் கழகங்களில் கயிற்றைக் கையில்தான் பிடிப்பார்கள். இவர்கள் மட்டும் சுற்றுவார்கள்; கேட்டால், எங்க தாத்தா காலத்துப் பழக்கம் என்பார்கள். கறுத்த தண்ணீர் இருபுறமும் விலகி ஓடுவதைச் சங்கு பார்த்தாள். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இல்லை. கரை எங்கே என்று பார்த்தாள். கல்சுவர் தெரிந்தது, அதில் படிக்கட்டு தெரிந்தது, பிடித்துத் தொங்க இரும்பு வளையங்கள் தெரிந்தன. படகை அப்படியே சுவரோரம் திருப்பினாள். திருப்பிவிட்டு, தன் குரல் முழுவதையும் திறந்து கத்தினாள்.

"சீக்கிரம்! சீக்கிரம்! இழுங்க! சீக்கிரம்!"

அவள் கேட்டது கரையை. அவர்களுக்குக் கேட்டது கட்டளை. நான்கு ஆண்களும் முதுகு வளைத்து இழுத்தார்கள். படகு வளையங்களுக்கு ஒரு முழம் தள்ளி, ஒன்றில்கூடப் படாமல், அதுவரை அது போகாத வேகத்தில் போய்ச் சேர்ந்தது. படியில் இறங்கியதும் அவள் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கிரேன்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"யப்பா, பொம்பளையா இது! என்னா தைரியம்!"

கிழவர் காய்ச்சல் தீர்ந்தும் திரும்பி வரவில்லை. சங்கு இறங்கவுமில்லை.

ஏன் இறங்கவில்லை என்று அவளே பலமுறை தன்னைக் கேட்டிருக்கிறாள். துணிவின்மையால் என்று சொல்லலாம். இறங்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் நான்கு பேர் சிரிப்பார்கள். ஆனால் அது முழுப் பதில் அல்ல. அவளுக்குப் பயம் புதிதல்ல. மாடிப்படி, தெருநாய், முதலாளியின் இருமல், கதவு தட்டும் சத்தம் என்று எல்லாவற்றுக்கும் அஞ்சுகிற பிறவி அவள். மற்ற இடங்களில் அந்தப் பயம் அவளைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டது. படகில் மட்டும் அது எதற்கோ பயன்பட்டது. அவள் விரல் அசைந்தால் நான்கு மலைகள் அசைந்தன. பயத்தை வென்றவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதை வெல்லாமலே, அதையே கூலிக்கு வைத்து வேலை வாங்கியவர்களைப் பற்றி அதிகம் எழுதக் காணோம்.

தொழிலாளர் கழகம் கோப்பைகளை வென்றது. எல்லாவற்றையும் அல்ல, ஆனாலும் அதுவரை அவர்கள் சேர்த்ததைவிட அதிகம். சுவரோரம் போவது அவர்களுடைய அடையாளமாயிற்று. கழக அறையில், பெயர்ப்பலகை எழுதுபவர் ஒருவர் பெரிய படம் ஒன்று வரைந்து கொடுத்தார்: கல்சுவர், அதை உரசும் படகு, பின்னால் சின்னதாக ஒரு பெண், வாய் மட்டும் பெரிதாக. அதன் கீழே நின்று ஆண்கள் தேநீர் குடித்துக்கொண்டே பேசுவார்கள். "சுவரு நம்ம குணம்யா. சுங்கத்தானுக்கு அந்த நெஞ்சு வருமா?" சங்கு அந்தப் படத்தைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு நகரத்தின் வீரம் தன் கிலியின் மேல் கட்டப்பட்டிருப்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

முந்தைய வருடப் பந்தயத்தில் ஒரு கழகத்தின் படகு கவிழ்ந்து, ஒருவரை மிகவும் தாமதமாகத் தூக்கினார்கள். அவர் பிழைத்தார். ஆனாலும் கழகங்களின் கூட்டமைப்புக்குப் பயம் வந்துவிட்டது. இந்த வருடம் பந்தயத்துக்கு வாரங்கள் இருக்கும்போது, தொழிலாளர் கழகத்தின் செயலாளர், தெருமுனையில் பல் மருத்துவமனை வைத்திருப்பவர், கழக அறையில் எழுந்து நின்று புதிய விதியைச் சொன்னார்.

"பந்தயத்துக்கு முந்தின நாள் ஒவ்வொரு படகும் நடுவர்கள் முன்னாடி கவிழணும். நாமளே கவிழ்க்கணும். கவிழ்த்துட்டு, அஞ்சு பேரும் படகை விட்டுப் பிரியாம, அதைப் படிக்கட்டு வரைக்கும் கொண்டு வரணும். கொண்டு வந்தா மறுநாள் பந்தயம். இல்லன்னா வேடிக்கை பாக்கலாம்."

"இவ்ளோதானா?" என்றான் கொழுந்தன். "வெயில் நாளா இருந்தா நாங்க தினமும் பண்ணுவோமே."

அறை சிரித்தது. சங்கு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அடுத்த வாரங்களை அவள் எப்படிக் கடத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டில் துணி அலசும் பெரிய வாளியை நிரப்பி, கதவைத் தாழிட்டு, முகத்தை உள்ளே வைத்தாள். மூக்கில் தண்ணீர் ஏறி, தும்மி, வாளியைக் கவிழ்த்துவிட்டாள். "உள்ள என்ன பண்றே?" என்று கணவர் கதவைத் தட்டினார். "தலை குளிக்கிறேன்" என்றாள். தெரு முழுவதும் அவள் தலை குளிப்பதைத் தெரிந்துகொண்டது. இன்னொரு நாள், கணுக்கால் சுளுக்கிவிட்டதாக நொண்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

"கால் வலிச்சா என்ன? நீ காலாலயா ஓட்டுறே?" என்றார் கிரேன்காரர். "நாங்க தூக்கி வைக்கிறோம்."

"வேற யாரையாவது வச்சுப் பாருங்களேன் அண்ணே. சுங்கத்துல ஊசி இருக்கானே, அந்த மாதிரி ஒல்லியா யாராவது..."

"ஊசியா?" ஊசி என்பவன் சுங்கக் கழகப் படகின் சுக்கான்காரன்; எழுத்தர் வேலை, சிரிப்பும் குரூரமும் கலந்த முகம். கிரேன்காரர் துப்பினார். "அவன் சுவரைக் கண்டாலே நடுங்குறவன். நீ இல்லாம நாங்க எங்கயும் போகல. போய் ரொட்டியாவது தின்னு. ஆள் எலும்பா இருக்கே."

பாராட்டு இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சொல்லிவிடலாம் என்று அன்று மாலை இருமுறை வாயெடுத்தாள். இருமுறையும், இந்த நான்கு பேரின் முகத்தில் அது எப்படி வந்து விழும் என்று நினைத்து மூடிக்கொண்டாள். செத்துப்போவதைக்கூட அவளால் கற்பனை செய்ய முடிந்தது. அந்த இருக்கையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்ய முடியவில்லை. அதை உணர்ந்தபோதுதான் உண்மையாகவே மிரண்டாள்.

கவிழ்க்கும் நாளில் கரை நிறைய ஆட்கள். எதிர்க்கரையில் சுங்கத்தார் தங்கள் முறையை முடித்துத் துவட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமை நடுவர், கப்பல்களுக்கு வழிகாட்டி ஓய்வு பெற்ற முதியவர், படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கணவர் துண்டோடு நின்றார். சங்கு ஏறினாள். பழக்கப்படி கயிறுகளை மணிக்கட்டுகளில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். நடுத்துறைக்கு வந்ததும் நடுவர் கையை இறக்கினார். நான்கு பேரும் சிரித்துக்கொண்டே ஒரு பக்கம் சாய்ந்தார்கள்.

வானம் சரிந்தது. குளிர் காதுக்குள் புகுந்தது. மூக்கு, வாய், கண் எல்லாம் உப்பும் எண்ணெயும். மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. கைகளை உதறினாள், கயிறு விடவில்லை. வேறு எந்தக் கழகத்தின் ஆளாக இருந்தாலும் கயிற்றை விட்டு மேலே வந்திருப்பார். அவளை அது படகோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தது. முடிந்தது என்று நினைத்தாள். அப்போது தலை ஒரு பலகையில் மோதியது. முகத்தில் தண்ணீர் இல்லை. இழுத்தது மூச்சுதான், காற்றுதான். தலைகீழான படகின் வயிற்றுக்குள், ஒரு சாண் காற்றுக்குள் அவள் முகம் இருந்தது. பின்னிருக்கைப் பலகையைக் கைகளால் கட்டிக்கொண்டாள். கும்மிருட்டு. கீழேயிருந்து மட்டும் பச்சையாகக் கொஞ்சம் வெளிச்சம். தண்ணீர் தாடையைத் தட்டியது, விலகியது, மறுபடி தட்டியது.

வெளியே நடுவர் தலைகளை எண்ணினார். நான்கு. மறுபடி எண்ணினார். நான்குதான். நாற்காலியிலிருந்து எழுந்தார். கரையில் யாரோ வீறிட்டார்கள். கணவர் துண்டைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தார்.

அப்போது கவிழ்ந்த படகு பேசியது.

"சீக்கிரம்! சீக்கிரம்! இழுங்கடா பாவிங்களா! இழுங்க!"

மரத்துக்குள்ளிருந்து வந்ததால் குரல் இரண்டு மடங்காக இருந்தது. எதிர்க்கரைக்குக் கேட்டது. கொழுந்தன் மூழ்கப் போனான்; கிரேன்காரர் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். "கத்துறால்ல! உசிரோடதான் இருக்கா! படகைத் தள்ளுடா!" நான்கு பேரும் படகின் பக்கங்களைப் பற்றிக்கொண்டு காலை உதைத்தார்கள். உள்ளேயிருந்து ஓயாமல் சாபமும் கட்டளையும் வந்துகொண்டிருந்தன. அன்று கவிழ்ந்த படகுகளில் படிக்கட்டை மிக விரைவாக வந்தடைந்தது அதுதான்.

படகைத் தூக்கியபோது சங்கு இருக்கைப் பலகையைப் பல்லி மாதிரி பற்றிக்கொண்டிருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கயிற்றை அறுத்தார்கள், மணிக்கட்டில் ரத்தம் கட்டியிருந்தது.

"ஏம்மா," என்றார் தலைமை நடுவர், "கையை விட்டு முங்கி வெளிய வந்திருக்கலாமே? எதுக்கும்மா உள்ளயே இருந்தே?"

பொய் சொல்வதற்கும் பலம் வேண்டும். சங்குவிடம் அது மிச்சமில்லை.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். அவள் அளவுக்கு மெதுவாக.

வடகரையில் ஒருவன் சிரித்தான். அது பரவியது. தென்கரையில் யாரும் சிரிக்கவில்லை. கழகத்து ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் வீட்டு அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தவர்களின் முகம்.

சுங்கக் கழகத்தார் வந்து ஆட்சேபம் சொன்னார்கள். நடுவர்கள் விதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். ஐந்து பேரும் படகை விட்டுப் பிரியக் கூடாது என்று இருந்தது, அவள் பிரியவில்லை. படிக்கட்டு வரை படகு வர வேண்டும் என்று இருந்தது, வந்தது. நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அந்த விதியை எழுதியவர்கள் எல்லோரும் துறைமுகத்தில் பிறந்தவர்கள்; அப்படி ஒன்றை எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. தலைமை நடுவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "தேறியாச்சு" என்றார். "ஆனா நாளைக்குக் கயித்தைக் கையில சுத்தக் கூடாது. எந்தக் கழகமும். தாத்தா காலத்துப் பழக்கம் எல்லாம் தாத்தாவோட போகட்டும்."

வீட்டில் கணவர் ஈர உடையை மாற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை வருஷம்," என்றார். "ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"நீங்க கேக்கலையே."

"மீன்கிட்ட போய் நீந்துவியான்னு கேப்பாங்களா?"

"நான் மீனா?"

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. "ஒவ்வொரு தடவையும் நான்தான் உன்னைத் தள்ளிவிட்டேன்," என்றார். "கொட்டகை வாசல்ல நின்னு, காலால படகைத் தள்ளி... நாளைக்குப் போகாதே. எனக்குத் தாங்காது."

"பயமா இருக்கா?"

"ஆமா."

"எனக்குத் தினமும் இப்படித்தான் இருக்கும்," என்றாள் அவள். ஆறுதலாகச் சொன்னதா, குத்தலாகச் சொன்னதா என்று அவருக்குப் புரியவில்லை. போகிறேன் என்றோ போகவில்லை என்றோ அவள் சொல்லவில்லை.

போனாள்.

பந்தய நாளில் கழகத்து ஆட்கள் அவளுக்கு வழிவிட்டு விலகி நின்றார்கள். நோயாளிக்கு விலகுவது போல. கிரேன்காரர் கையை நீட்டி அவளை ஏற்றினார். கயிறுகள் வெறும் கையில் இருந்தன. எவ்வளவு மெலிந்தவை அவை என்று இப்போதுதான் தெரிந்தது. பக்கத்துப் படகிலிருந்து ஊசி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, இன்னிக்குத் தண்ணி ஜாஸ்தியா தெரியுதா?"

"உன் மூஞ்சிதான் ஜாஸ்தியா தெரியுது," என்றான் கொழுந்தன்.

மணி அடித்தது. படகுகள் பாய்ந்தன. சங்கு எப்போதும் போலச் சுவரைப் பார்த்துத் திருப்பினாள். சுவர் இல்லை. சுவருக்கும் அவளுக்கும் நடுவில் சுங்கக் கழகத்தின் படகு இருந்தது. அவள் ஏன் இத்தனை வருடமாகச் சுவரோரம் போனாள் என்பதை ஊசி ஒரே மாலையில் கணக்குப் போட்டுவிட்டான். தன் படகை அவள் பாதையில் செருகி, அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நெருக்கினான். மோதினால் இரண்டு படகும் போகும். அவள் விலகினாள். இன்னும் விலகினாள். படிக்கட்டுகளும் வளையங்களும் தூரத்தில் சிறுத்தன. இருபுறமும் தண்ணீர். நடுத்துறை. நேற்றைக்கு முன் அங்கே அவள் ஒருநாளும் வந்ததில்லை.

கயிறு கையில் வழுக்கியது, வியர்வை. அதைவிட மோசமான ஒன்றை அவள் அப்போது கவனித்தாள். துடுப்பு வலிப்பவர்கள் பின்னோக்கி உட்காருகிறவர்கள்; அவர்கள் கண்ணுக்கு எதிரே சுக்கான்காரரின் முகம். கிரேன்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வலிப்பதில் பலம் இல்லை. படகு ஆடக் கூடாது என்று முட்டையைத் தூக்குவது போல இழுத்தார். அவர் இழுப்பை மற்ற மூவரும் பின்பற்றினார்கள். நான்கு மலைகளுக்கும் அவள் பயம் தொற்றியிருந்தது.

அவர்களை மெல்லக் கடந்து ஊசியின் படகு சுவரோரம் போனது. மீன்காரர் கழகத்தின் படகும் முன்னே ஏறியது. அந்த நேரத்தில், மறுகரைக்குப் போகும் பயணிகள் படகு கிளப்பிவிட்ட அலை, துறைமுகத்தின் குறுக்கே பாயை உருட்டுவது போல வந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் வாங்கினால் கவிழும். சங்கு அதைப் பார்த்தாள். கிரேன்காரர் அதைப் பார்க்கவில்லை; அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் கோபம் வந்தது. பயத்தின் நடுவிலிருந்து, பயம் குறையாமலே வந்தது.

"என்னை ஏன்யா பாக்குறீங்க? பயப்படுறது என் வேலை! அதை நான் பாத்துக்கிறேன்! நீங்க உங்க வேலையைப் பாருங்க! இழுங்க!"

கிரேன்காரர் திடுக்கிட்டார். கன்னத்தில் அறை வாங்கியவர் போலத் தலையை உதறினார். பிறகு அவர் துடுப்பு தண்ணீரில் ஆழமாக விழுந்தது. சங்கு படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பினாள். படகு ஏறியது, ஒரு கணம் அவள் வானத்தை மட்டும் பார்த்தாள், பிறகு விழுந்தது. மடி நிறையத் தண்ணீர். அவள் கத்திக்கொண்டே இருந்தாள். என்ன கத்தினாள் என்று பிறகு யாருக்கும் நினைவில்லை. சில வார்த்தைகளைச் சின்ன வயதுக்காரர்கள் முன்னால் திருப்பிச் சொல்ல முடியாது என்று கொழுந்தன் சொன்னான். எதிர்நீர் முழு வேகத்தில் மோதும் நடுத்துறை வழியே, மீன்காரர்களைத் தாண்டி, மற்றவர்களைத் தாண்டி, சமிக்ஞைக் கோபுரத்தின் அடியில் சுங்கக் கழகத்தின் படகுக்குப் அரைப் படகு நீளம் பின்னால் போய் நின்றார்கள்.

தோல்விதான். சுவரோரத்து அமைதியான நீரில் போனவனுக்கு இருந்த வசதி அவர்களுக்கு இல்லை. ஊசி ஒரு வளையத்திலும் படவில்லை. அந்தச் சுவர் ஊர் சொன்ன அளவுக்குப் பொல்லாதது அல்ல என்பதும் அன்றே தெரிந்துபோயிற்று. அவன் வெளுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான். கோப்பை வாங்கப் போனபோது அவன் சுவர்ப் பக்கம் திரும்பாமலே நடந்ததைச் சங்கு மட்டும் கவனித்தாள்.

வெற்றி பெறாத படகைச் சுற்றி அதிகம் பேர் நிற்பதில்லை. பல் மருத்துவர் வந்து, குரலைத் தாழ்த்தி, கிரேன்காரரிடம் சொன்னார்: "அடுத்த வருஷத்துக்கு வேற ஆளைப் பத்தி யோசிக்கணும்னு சில பேர் சொல்றாங்க. பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கே."

"சில பேருன்னா யாரு? துடுப்பு வலிக்கிறவங்களா, டீ குடிக்கிறவங்களா?"

மருத்துவர் நகர்ந்துவிட்டார். கிரேன்காரர் படியில் உட்கார்ந்திருந்த சங்குவிடம் வந்தார்.

"இனிமே சுவரு கிடைக்காது தங்கச்சி. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. ஒவ்வொரு வருஷமும் எவனாவது முந்திப் பிடிச்சுடுவான்."

"தெரியும் அண்ணே."

"நடுத்தண்ணிதான்."

"ம்."

"நீச்சல் கத்துக்கிறியா?"

"பாக்கலாம். கத்துக்கிட்டாலும் பயம் போகுமான்னு தெரியல." அவள் தண்ணீரைப் பார்த்தாள். "போயிட்டா என்ன பண்றதுன்னும் தெரியல."

அவர் அதை யோசித்தார். அவருக்கு அது விளங்கியதா என்று சொல்ல முடியாது. "சரி, உக்காருவியா மாட்டியா? அதைச் சொல்லு."

படகு கொட்டகைக்குத் திரும்ப வேண்டும். கொட்டகை துறைமுகத்தின் மறுகோடியில் இருந்தது. வெயில் தணிந்து, காற்று ஏறி, தண்ணீர் நிறம் மாறிக்கொண்டிருந்தது. மேலே கரையில் கணவர் துண்டோடு நின்றார். "நீ நடந்தே வா," என்றார். "நானும் கூட வரேன். மெதுவாப் போலாம்." நடந்து போவதற்கு நல்ல பாதை அது, கல் பாவியது, அகலமானது.

கொழுந்தன் படகைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்ற இரண்டு பேர் ஏற்கனவே துடுப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னிருக்கை ஈரமாக, காலியாக இருந்தது.

சங்கு எழுந்தாள். கணவரிடமிருந்து துண்டை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கிரேன்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, படகில் உட்கார்ந்தாள். கயிறுகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். கணவர் ஒரு கணம் தயங்கினார். கரையோரம் வந்து குனிந்தார். அவர் காலால் தள்ளவில்லை; இரண்டு கைகளாலும் மெல்லத் தள்ளிவிட்டார்.

"பாத்து," என்றார்.

"பாக்கத்தானே போறேன்," என்றாள் அவள். துறைமுகம் முழுவதும் கேட்டது.